உருக்கைவிட வலிமை, ஆனால் உடைகிறது: உலோகக் கண்ணாடியை மேம்படுத்தத் தொடங்குபவருக்கு

கல்லடியில் வாவிக்கரை ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், ஒலுவிலில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, உலோகக் கண்ணாடி உருக்கை விட வலிமை எண்டு போட்டிருக்கு. அப்ப ஏன் அது டப்பெண்டு உடையிது?" நல்ல கேள்வி. உலோகக் கண்ணாடி என்பது அணுக்கள் வரிசை பிடிக்காமல், கண்ணாடியில் போலக் குழம்பியபடியே உறைந்த உலோகம். இந்தத் துறையே கடந்த ஐம்பது வருடமாக அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அன்று அவருக்கு வாயால் சொன்னதை, இறுதி ஆண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்க நினைக்கும் எல்லாருக்குமாக இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியலில் தகைப்பு, விகாரம், யங்கின் மட்டு படித்திருந்தால் போதும்.

முதலில் ஒரு துண்டைக் கையில் எடுங்கள்

வாசிக்கத் தொடங்குமுன் பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கடைகளில் களவு போகாமல் இருக்கப் பொருட்களில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டியைப் பார்த்திருப்பீர்கள். விரல் நீளம், உள்ளே சின்னக் குழி. அந்தக் குழிக்குள் ஒட்டாமல் கிடக்கும் மெல்லிய, பளபளப்பான தகடுதான் உலோகக் கண்ணாடி. அதோடு சற்றுத் தடித்த இன்னொரு தகடு ஒட்டியிருக்கும். அது சாதாரண உலோகம், காந்தமாக்குவதற்கு வைத்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெல்லியது 25 முதல் 30 மைக்ரோமீற்றர் வரை தடிப்பு இருக்கும். இரும்பு, நிக்கல், மொலிப்டினம், போரன் கலந்தது.

அதை விரலால் மடித்துப் பாருங்கள். வளையும், விட்டால் துள்ளி நிமிரும். இப்போது குறட்டால் ஒரு முனையைப் பிடித்து, அடுப்பு நெருப்பில் சிவக்கும்வரை காட்டி, ஆறவிட்டு மறுபடி மடியுங்கள். பொரித்த அப்பளம் போல நொறுங்கும். மூலகங்கள் அதே மூலகங்கள்தான். மாறியது அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே. கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், துண்டு தெறிக்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பட்ட சூட்டை இந்தப் பொருள் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறது என்பதை இதற்குப் பிறகு மறக்க மாட்டீர்கள்.

மரைக்காலில் கொட்டிய நெல்

சாதாரண உலோகம் என்பது பளிங்கு. அணுக்கள் வரிசை வரிசையாக, வாழைச்சேனைக் கடையில் அடுக்கிய செங்கல் மாதிரி நிற்கும். உருகிய உலோகத்தை அந்த வரிசை பிடிக்க நேரம் கொடுக்காமல் குளிர்த்தால், திரவத்தில் இருந்த குழம்பிய ஒழுங்கிலேயே உறைந்துவிடும். 1960 இல் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில் போல் டுவேயின் குழு பொன்னும் சிலிக்கனும் கலந்த கலப்புலோகத்தில் இதை முதன்முதலாகச் செய்து காட்டியது. செக்கனுக்குப் பத்து இலட்சம் பாகை என்ற கணக்கில் குளிர்த்தார்கள். கிடைத்தது மெல்லிய சிறு துணுக்குகள்தான். 1993 இல் அதே நிறுவனத்தின் பேக்கரும் ஜோன்சனும் சேர்க்கோனியத்தை அடிப்படையாகக் கொண்ட ஐந்து மூலகக் கலவை ஒன்றைக் கண்டார்கள். அதற்குச் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு பாகையே போதும். தடித்த துண்டுகளாக வார்க்க முடிந்தது அப்படித்தான்.

அணுக்களின் குழப்பத்தைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டு நெல் போதும். மரைக்காலில் நெல்லைச் சும்மா கொட்டி நிரப்புங்கள். பிறகு பக்கத்தில் நாலு தட்டுத் தட்டுங்கள். நெல் இறங்கும், மேலே இடம் வரும். அதே நெல், அதே மரைக்கால், ஆனால் கொட்டியது தளர்ந்து கிடக்கும், தட்டியது இறுகிக் கிடக்கும். உலோகக் கண்ணாடியும் இப்படித்தான். வேகமாகக் குளிர்ந்தது தளர்ந்தது. மெதுவாகக் குளிர்ந்தது, அல்லது பிறகு சூடாக்கி வைத்தது, இறுகியது. தளர்ந்ததில் அணுக்கூட்டங்கள் இடம் மாறிக்கொள்ள இடைவெளி இருக்கிறது. இறுகியதில் இல்லை, அதனால் கடினம் கொஞ்சம் கூடும், நொறுங்கும் குணமும் கூடும்.

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். உருக்கை இழுத்தால் பளிங்கு வரிசைகளில் உள்ள பிசகுகள் நகரும். நகர நகர ஒன்றோடொன்று சிக்கி, அந்த இடம் முன்னைவிடக் கடினமாகிவிடும். ஆகவே அடுத்த இடம் இளகும், அதன்பின் இன்னொரு இடம். விகாரம் ஊர் முழுக்கப் பரவும். உலோகக் கண்ணாடியில் வரிசையே இல்லை, சிக்குவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே சில பத்து அணுக்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் முதலில் புரள்கிறது. புரண்டதும் பக்கத்துக் கூட்டம் இளகுகிறது, பிறகு அதன் பக்கத்தது. 10 முதல் 20 நானோமீற்றர் தடிப்பில் ஒரு பட்டை உருவாகி, முழு விகாரமும் அதற்குள்ளேயே ஓடிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் இதை ஷியர் பாண்ட் என்போம். இங்கே சறுக்குப் பட்டை என்று எழுதுகிறேன். சறுக்கியது கடினமாவதற்குப் பதிலாக இளகுகிறது என்பதுதான் எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

இழுவையில் ஒரே ஒரு பட்டை போதும், துண்டு இரண்டாகிவிடும். ஆகவே நீங்கள் செய்யப்போகும் எந்த வேலையும் கடைசியில் ஒரே வேலைதான்: ஒரு பட்டை பெரிதாக ஓடுவதற்கு முன் நூறு பட்டைகளைச் சிறிதாகத் தொடங்க வைப்பது, தொடங்கியதை ஓடவிடாமல் மறிப்பது. கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

கலவையைத் தெரிவது, நிறுப்பது

தொடக்கத்துக்குச் சேர்க்கோனியம் 55, செம்பு 30, அலுமினியம் 10, நிக்கல் 5 என்ற அணு வீதக் கலவையைச் சொல்வேன். ஜப்பானில் இனோவேயின் குழு இதை 30 மில்லிமீற்றர் விட்டத்தில் வார்த்திருக்கிறது. நீங்கள் 2 அல்லது 3 மில்லிமீற்றர்க் கோல் வார்க்கப்போகிறீர்கள், ஆகவே பிழைக்கு நிறைய இடம் இருக்கிறது. பழைய கட்டுரைகளில் பெரிலியம் கலந்த கலவைகள் அழகான முடிவுகளோடு வரும். அவற்றைத் தொடாதீர்கள். பெரிலியத் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அதைக் கையாளத் தனி வசதி வேண்டும்.

அணு வீதத்தை நிறைவீதமாக மாற்றும்போதுதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு மூலகத்தின் பங்கையும் அதன் அணுநிறையால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கலவையில் 20 கிராம் வேண்டுமானால் சேர்க்கோனியம் 13.403, செம்பு 5.093, அலுமினியம் 0.721, நிக்கல் 0.784 கிராம். உங்கள் கணக்கு இதோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை செய்து பாருங்கள். அலுமினியமும் நிக்கலும் ஒரு கிராமுக்கும் குறைவு என்பதால் தராசு மில்லிகிராம் வரை காட்ட வேண்டும்.

சேர்க்கோனியத்தின் தூய்மையில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். அது ஒட்சிசனை உறிஞ்சும் உலோகம். மில்லியனுக்குச் சில நூறு பங்கு ஒட்சிசன் சேர்ந்தாலே பளிங்கு முளைக்க விதை போட்டமாதிரி. எங்களுக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலில் சிர்க்கோன் கனிமம் இருப்பது தெரிந்ததுதானே. அதைப் பார்த்துவிட்டு இங்கேயே எடுக்கலாமே என்று ஒரு மாணவி ஆசையாகக் கேட்டார். கனிமத்திலிருந்து தூய உலோகம் வரை போவது ஒரு தனித் தொழிற்சாலை வேலை. நாங்கள் உலோகமாக வாங்கத்தான் வேண்டும்.

உருக்குவதும் வார்ப்பதும்

உருக்குவது மின்வில் உலையில், ஆகன் வாயுவுக்குள். கலவையை உருக்குமுன் பக்கத்துக் குழியில் ஒரு தைத்தேனியக் கட்டியை உருக்கி, மிச்சம் இருக்கும் ஒட்சிசனை அதற்கு ஊட்டிவிடுங்கள். கலவைக் கட்டியைப் புரட்டிப் புரட்டிக் குறைந்தது ஐந்து தடவை உருக்க வேண்டும். ஒரு தடவை உருக்கியதும் பார்வைக்கு அழகான வெள்ளிப் பொட்டு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கலந்திருக்காது. முடிந்ததும் மறுபடி நிறுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் ஏதோ பறந்துவிட்டது அல்லது தெறித்துவிட்டது. அந்தக் கட்டியை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பிறகு தண்ணீரால் குளிரும் செம்பு அச்சுக்குள் உறிஞ்சி வார்ப்பது. எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையில் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் விளங்கும்: மெல்லியது வேகமாகக் குளிரும், தடித்தது மெதுவாக. ஒரு கைக்கணக்கு உண்டு. ஆரையைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தால் 10 ஐ வகுத்தால் செக்கனுக்கு எத்தனை பாகை குளிரும் என்பது ஏறக்குறைய வரும். 2 மில்லிமீற்றர்க் கோலுக்கு 1000; 3 மில்லிமீற்றர்க் கோலுக்கு 440 அளவில்; 10 மில்லிமீற்றருக்கு வெறும் 40. மூன்றும் கண்ணாடியாகவே வரலாம். ஆனால் மரைக்காலை நினைத்துப் பாருங்கள்: 2 மில்லிமீற்றர் தளர்ந்தது, 10 மில்லிமீற்றர் இறுகியது. ஒரே கலவை என்று சொல்லி இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

கண்ணாடிதானா என்று உறுதிப்படுத்துங்கள்

எக்ஸ்-கதிர்க் கோணல் (diffraction) வரைபில் கூரான உச்சிகள் இல்லாமல் ஒரு அகன்ற மேடு மட்டும் இருந்தால் நல்லது. ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நுண் பளிங்கு ஒளிந்திருந்தால் எக்ஸ்-கதிர் காட்டாது. டிஎஸ்சி என்று சொல்லப்படும் வெப்ப அளவியில் நிமிடத்துக்கு 20 பாகை வீதம் சூடாக்குங்கள். இந்தக் கலவை ஏறக்குறைய 410 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும், 490 அளவில் பளிங்காகும். பளிங்காகும்போது வெளிவரும் வெப்பத்தை அதே கலவையின் மெல்லிய நாடாவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால், அந்தக் குறைவின் அளவுக்கு உங்கள் கோல் ஏற்கெனவே பளிங்காகிவிட்டது என்று பொருள்.

410 க்குக் கீழே, வரைபில் மெல்லிய பள்ளம் ஒன்று தெரியும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தளர்ந்து கிடந்த அணுக்கள் இறுகும்போது விடும் வெப்பம் அது. கோல் எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரடி எண் அதுதான். எழுதி வையுங்கள், பின்னால் வேண்டும்.

ஒன்றும் செய்யாத கோலை முதலில் உடையுங்கள்

மேம்படுத்தினேன் என்று சொல்ல, முன்பு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். 2 மில்லிமீற்றர்க் கோலை 4 மில்லிமீற்றர்த் துண்டுகளாக, வைர வாளால், தண்ணீர் விட்டபடி மெதுவாக அறுங்கள். அவசரப்பட்டு அறுத்தால் வெட்டு முகம் சூடாகி, நீங்கள் அறியாமலே இறுகிவிடும். தேய்ப்பதும் ஈரமாகத்தான்: காய்ந்த சேர்க்கோனியத் தூள் தீப்பிடிக்கும்.

இரண்டு முகமும் சமாந்தரமாக இருக்க வேண்டும். நான் முதன்முதலில் அமுக்கிய துண்டு நூற்றுக்கு ஆறு வீதம் பிளாத்திக் விகாரம் (பாரத்தை எடுத்தாலும் மீளாத விகாரம்) காட்டியது. இரண்டு நாள் நித்திரை இல்லாமல் மகிழ்ந்தேன். பிறகு பார்த்தால் ஒரு முகம் சரிந்திருந்தது. சரிந்த முகத்தில் தகைப்பு ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும், பட்டைகள் கூடிய பக்கத்தில் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும், பொருள் இளகியது போலத் தோன்றும். உயரம் விட்டத்தின் இரு மடங்குக்குக் குறைந்தாலும் இதே ஏமாற்றம்தான். பட்டை வெளியேற இடமில்லாமல் அமுக்கும் தட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். வெளிவந்த கட்டுரைகளிலும் இந்தப் பிழை உண்டு. மிக நல்ல எண்ணைக் கண்டால் முதலில் மாதிரியின் உயரத்தைத் தேடுங்கள்.

அமுக்கும் வேகம் செக்கனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விகாரம் என்று வைத்தால், 4 மில்லிமீற்றர்த் துண்டுக்கு நிமிடத்துக்கு 0.024 மில்லிமீற்றர். இந்தக் கலவை 1.7 கிகாபாஸ்கல் அளவில் விளையும் (மீளாமல் உருமாறத் தொடங்கும்), அதாவது 5.3 கிலோநியூற்றன், அரைத் தொன்னுக்குச் சற்று மேலான பாரம், பென்சில் மொத்தம்கூட இல்லாத ஒரு துண்டின் மேல். மென்னுருக்கு விளைவது 0.25 கிகாபாஸ்கல் அளவில். மீள்விகாரம் நூற்றுக்கு இரண்டு வரை போகும், ஆகவே உடையும்போது துண்டுக்குள் நிறையச் சக்தி சேர்ந்திருக்கும். பொறி பறந்து தெறிக்கும். தடுப்புக் கண்ணாடி இல்லாமல் இயந்திரத்தைத் தொட வேண்டாம். குறைந்தது ஐந்து துண்டு உடையுங்கள். இந்தப் பொருளில் ஒரு துண்டின் முடிவு ஒன்றையும் சொல்லாது. இயந்திரத்தின் சொந்த வளைவையும் கழிக்க மறக்காதீர்கள். மாதிரி இல்லாமல் வெறும் தட்டுகளை அமுக்கி ஒரு வரைபு எடுத்து வைத்தால் போதும்.

எந்த முறையைப் பிடிப்பது

இங்கேதான் ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: அமுக்கத்தில் கிடைக்கும் முன்னேற்றம் நல்லது, ஆனால் இழுவையில் கிடைப்பதுதான் உண்மையான முன்னேற்றம். பாலம், பல்சக்கரம், எலும்புக்குள் போடும் ஆணி, எதிலும் இழுவை வராமல் இருக்காது. இழுவையில் நம்பத்தக்க அளவு நீட்சி தந்தது பெரும்பாலும் கூட்டுப்பொருள் முறைதான், அதாவது கண்ணாடிக்குள் மென்மையான பளிங்கைச் சேர்க்கும், கீழே நான்காவதாக வரும் முறை. ஆனால் புதியவர் அதில் தொடங்குவது கடினம்.

கையில் குறைந்த வசதியோடு தொடங்க ஏற்றது குளிர்ச் சுழற்சி. 2015 இல் கேம்பிரிட்ஜின் கிரீயரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை வெளியிட்டார்கள். கோலைத் திரவ நைதரசனில் முக்கி, எடுத்து, அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, மறுபடி முக்குவது. அவ்வளவுதான். கண்ணாடிக்குள் இடத்துக்கு இடம் அணு நெருக்கம் வேறு. ஆகவே குளிரும்போது ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அளவு சுருங்குகிறது. அந்த இழுபறியில் இறுகிய இடங்கள் சில தளர்கின்றன. தட்டி இறுக்கிய நெல்லை மறுபடி கிளறிவிட்ட மாதிரி. தளர்ந்த இடங்கள் கூடினால் சறுக்கல் தொடங்கும் இடங்களும் கூடும்.

திரவ நைதரசன் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வருபவர்கள் கொண்டுவரும் புகையும் கலன் நினைவிருக்கிறதா? அதே பொருள்தான், மறை 196 பாகை செல்சியஸ். ஆய்வுக்கு வேண்டியதை உங்கள் பீடத்தின் மூலம் முறைப்படி கேட்டுப் பெறுங்கள். ஒரு லீற்றர் திரவம் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாகும். சின்ன அறையில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்தால், மூச்சுத் திணறுவதே தெரியாமல் மயங்கி விழுவீர்கள். கலனை இறுக்கி மூடினால் வெடிக்கும். குளிர்க் கையுறை, முகத் தடுப்பு, மூடிய சப்பாத்து. செருப்போடு வரவே கூடாது.

வேலை இப்படி. ஒரே கோலிலிருந்து அறுத்த துண்டுகளை நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். ஒரு கூட்டம் சும்மா இருக்கட்டும். மற்றவை 10, 30, 100 சுழற்சி. கோலின் மேல்முனைத் துண்டுகள் எல்லாம் ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிடாமல் கலந்து பிரியுங்கள். மேல்முனையும் கீழ்முனையும் ஒரே வேகத்தில் குளிர்ந்திருக்காது. திரவத்தில் போட்டதும் கொதிக்கும். கொதிப்பு அடங்கியபின் ஒரு நிமிடம் விட்டு எடுத்து, தண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். துடைத்து ஈரம் போக்கியபின் மறுபடி போடுங்கள். தண்ணீரின் வெப்பநிலையை எழுதுங்கள்: ஐரோப்பிய ஆய்வுகூடத்தின் அறை வெப்பநிலை 20 பாகை, மட்டக்களப்பில் சித்திரை மாதம் அது 32. முடிந்தபின் டிஎஸ்சியில் அந்த மெல்லிய பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் பெருத்திருந்தால் தளர்ந்திருக்கிறது. சில கலவைகளில் அது பெருக்காது, சிலவற்றில் ஓர் எண்ணிக்கைக்குப் பிறகு திரும்பக் குறையும். அதுவும் முடிவுதான், அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது, மேற்பரப்பைச் சன்னங்களால் அடிப்பது. 2006 இல் இதுவும் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. சின்ன உருண்டைகளை வேகமாக எறிந்து மேற்பரப்பைக் குத்தினால், தோல் அமுக்கத் தகைப்பில் நிற்கும். வெளியிலிருந்து வெடிப்பு உள்ளே போகக் கஷ்டப்படும். குத்துப்பட்ட தோலில் ஏற்கெனவே பல சின்னப் பட்டைகளும் இருக்கும். மலிவு, எளிது. ஆனால் அதிகமாக அடித்தால் சூடாகும், சூடானால் என்ன ஆகும் என்று அந்தத் தகட்டில் பார்த்தீர்கள்.

மூன்றாவது, கலவையையே மாற்றுவது. ஒரு பொருளை இழுக்கும்போது அது பக்கவாட்டில் எவ்வளவு மெலிகிறது என்பதைச் சொல்லும் புவாசோன் விகிதம் இங்கே நல்ல குறி. 2005 இல் லெவன்டோவ்ஸ்கி, வாங், கிரீயர் மூவரும் பல கலவைகளை ஒப்பிட்டு, இது 0.31 முதல் 0.32 வரையான எல்லைக்கு மேலே போனால் முறிவுத் தாங்குதிறன், அதாவது வெடிப்பை ஓடவிடாமல் மறிக்கும் திறன், சடாரென்று கூடுவதைக் காட்டினார்கள். மக்னீசியம், இரும்பு அடிப்படையிலானவை பெரும்பாலும் எல்லைக்குக் கீழே அல்லது அதன் அருகே. பிளாற்றினம் கலந்த ஒரு கண்ணாடி 0.42, அமுக்கத்தில் நூற்றுக்கு இருபது வீதம் தாங்கியது. விலையைக் கேட்காதீர்கள். எங்களுக்குப் பயன்படும் பாடம், சேர்க்கோனியக் கலவையில் வீதங்களைச் சற்று மாற்றும்போது இந்த எண்ணைக் கவனிப்பதுதான். மீயொலியால் கோலை உடைக்காமலே அளக்கலாம்.

நான்காவதுதான் நான் மனதார விரும்பும் முறை: கண்ணாடிக்குள் மென்மையான பளிங்கைக் கிளை கிளையாக வளர்ப்பது. களிமண் சுவருக்கு வைக்கோல் கலப்பது போல என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கல்முனைக் கராஜ் உதாரணம் பிடிக்கும். வண்டித் தகட்டில் வெடிப்பு ஓடத் தொடங்கினால், மெக்கானிக் அதன் நுனியில் ஒரு துளை போடுவார். கூரான நுனி மழுங்கியதும் வெடிப்பு நிற்கும். பளிங்குக் கிளையும் இதையே செய்கிறது: ஓடிவரும் சறுக்குப் பட்டை மென்மையான கிளையில் முட்டி மழுங்கி, வேறு பட்டைகளாகப் பிரிகிறது.

ஆனால் கிளைகளுக்கிடையே எவ்வளவு தூரம்? 2008 இல் ஹொஃப்மனும் ஜோன்சனின் குழுவும் கொடுத்த பதில் இந்தத் துறையிலேயே மிகத் தெளிவான ஒன்று. வெடிப்பின் நுனியைச் சுற்றி, கண்ணாடி உடையாமல் இளகக்கூடிய ஒரு வட்டாரம் உண்டு. கிளைகளின் இடைவெளி அந்த வட்டாரத்தின் அளவுக்குள் இருக்க வேண்டும். அளவு என்ன என்று நீங்களே கணிக்கலாம்: முறிவுத் தாங்குதிறனை விளைதகைப்பால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 2π ஆல் வகுங்கள். தாங்குதிறன் 50 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீற்றர், விளைதகைப்பு 1.8 கிகாபாஸ்கல் என்றால் 120 மைக்ரோமீற்றர் அளவில் வரும். தாங்குதிறன் 2, விளைதகைப்பு 0.8 என்ற நொறுங்கும் கண்ணாடிக்கு வெறும் ஒரு மைக்ரோமீற்றர். முதலாவதில் கிளைகளை வளர்ப்பது நடக்கக்கூடிய காரியம், இரண்டாவதில் மிகக் கடினம். அவர்கள் உருகலைத் திரவத்துக்கும் திண்மத்துக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நிறுத்தி வைத்து, கிளைகளைப் பருக்கவைத்தபின் குளிர்த்தார்கள். இழுவையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நீட்சி, 1.2 முதல் 1.5 கிகாபாஸ்கல் வலிமை. அந்தக் கலவைகளில் பெரிலியம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்கு இடைஞ்சல். பெரிலியம் இல்லாத வழி வேண்டுமானால் செம்பும் சேர்க்கோனியமும் தலா 47.5, அலுமினியம் 5 என்ற கலவையைப் பாருங்கள். அமுக்கத்தில் நூற்றுக்கு 18 வீதம் வரை போயிருக்கிறது. ஆனால் அது குளிர்க்கும் வேகத்துக்கு மிகவும் கூச்சப்படும். முதல் பத்துக் கோலை இழக்கத் தயாராக இருங்கள்.

மடிக்கணினியில் ஒரு பக்க வேலை

உலை ஓடும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லாம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் செம்பு 64, சேர்க்கோனியம் 36 கலவையின் பத்தாயிரம் அணுக்களை உருக்கி, குளிர்த்து, சறுக்க வைக்கலாம். இந்தச் சோடிக்கு நன்கு சோதித்த அணுவிசைக் கோப்புகள் இணையத்தில் உண்டு. 2000 கெல்வினிலிருந்து 300 க்கு, செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி பாகை என்று குளிர்த்தால் 1.7 நானோசெக்கன். ஒரு படி 2 பெம்ரோசெக்கன் என்றால் எட்டரை இலட்சம் படிகள். இரவில் ஓடவிட்டு விடியப் பார்க்கலாம். குளிர்க்கும் வேகத்தைப் பத்திலொன்றாகக் குறைத்து மறுபடி ஓட்டி, இரண்டையும் சறுக்க வைத்துப் பாருங்கள்: மெதுவாகக் குளிர்ந்ததில் சறுக்கல் ஒரு கோட்டில் குவிவதும், வேகமாகக் குளிர்ந்ததில் சிதறுவதும் தெரியக்கூடும். இங்கே மெதுவானதுகூட உண்மையான வார்ப்பைவிடப் பல கோடி மடங்கு வேகம். ஆகவே போக்கை நம்பலாம், கிடைக்கும் எண்ணை உங்கள் கோலின் எண்ணாகக் கொள்ளக் கூடாது.

கோலின் பிறப்புச் சான்றிதழ்

ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தச் சேர்க்கோனியம், எத்தனை தடவை உருக்கியது, விட்டம், அச்சின் எந்த முனை, அறுத்த திகதி, ஒட்டுவதற்குச் சூடான மெழுகு பாவித்தீர்களா, வெயிலில் நின்ற வாகனத்துக்குள் கிடந்ததா. எல்லாம் எழுதுங்கள். இந்தப் பொருளில் கலவையின் பெயர் பாதி முகவரிதான்; மற்றப் பாதி அது பட்ட சூடும் குளிரும். எதிர்பார்த்ததற்கு மாறாக ஒரு முடிவு வந்தால், பெரும்பாலும் காரணம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

கடைசியாக, உடைந்த துண்டுகள். அமுக்கத்தில் முறிந்த முகம் பாரத்தின் அச்சோடு ஏறக்குறைய 42 பாகை சாய்ந்திருக்கும், இழுவையில் 45 ஐத் தாண்டும். நுணுக்குக்காட்டியில் நரம்பு நரம்பாக ஓடும் கோலம் தெரிந்தால் கண்ணாடி இளகி முறிந்திருக்கிறது; வழுவழுப்பாக இருந்தால் நொறுங்கியிருக்கிறது. வெளிப்பக்கத்தில் எத்தனை பட்டைகள் என்று எண்ணுங்கள், நீங்கள் செய்த முறை வேலை செய்ததா என்பதற்குத் தகைப்பு வரைபைவிட நல்ல சாட்சி அதுதான். இரண்டு பாதியையும் முகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிச் சின்னப் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்து, இலக்கமிட்டு மூடுங்கள். எங்கள் கடற்காற்றில் திறந்து வைத்த முறிவு முகம் மங்கக்கூடும், பிறகு நுணுக்குக்காட்டியில் கோலம் தெளிவாகத் தெரியாது.